எஞ்சினை இறக்காமலே மோட்டார் வண்டியின் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிச் செப்பனிடும் முறை

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடாமல் ஒரு நாள் ஓட்டினாலும் அது ஊர் முழுதும் கேட்கும்படி முறையிடும். மோட்டார் எஞ்சின் அவ்வாறு முன்கூட்டி முறையிடுவதில்லை. அதனுள் எண்ணெய் ஓட்டம் நின்றுபோகுமாயின், சில நிமிஷங்களுக்குள் பேரிங்குகள் சூடேறித் தேய்ந்து, கிராங்க் தண்டும் கீறுண்டு, பெருந்தொகை செலவிட்டாலன்றிச் சீராகாத நிலைமையை எஞ்சின் அடைந்துவிடும். அறுவடைக் காலத்தில் இவ்வாறு நேர்ந்தால், மராமத்துச் செலவைவிட வேலை நின்றுபோவதால் உண்டாகும் நஷ்டமே பெரிதாகும். இத்தீங்கிற்குக் காரணமான கோளாறுகளிற் பல எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியிலே தொடங்குகின்றன. இதனை மேஸ்திரிகள் ஆயில் சேம்பர் என்றும் சம்ப் என்றும் வழங்குவர்.

இத்தொட்டியைக் கழற்ற வேண்டுமென்றால் எஞ்சின் முழுவதையும் வண்டியினின்று இறக்கியாக வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ரேடியேட்டர், கியர்ப்பெட்டி இணைப்பு, புகைக் குழாய், மின்சாரக் கம்பிகள் ஆகிய யாவற்றையும் பிரிக்கும் அவ்வேலைக்குக் கூலியும் நாட்களும் மிகுதியாக வேண்டும் என அஞ்சி, ஒழுகும் தொட்டியை ஒழுகவே விட்டுவிடுகின்றனர். உண்மையில் பெரும்பாலான ஜீப்புகளிலும் பழைய கார்களிலும் எஞ்சின் தன் இடத்திலேயே இருக்க, தொட்டியை மாத்திரம் கழற்றலாம். அம்முறையை இங்கே படிப்படியாக விளக்குவோம்.

உதாரணமாக ஜீப்பை எடுத்துக்கொள்வோம். 1941 முதல் அமெரிக்கப் படைக்கெனப் பெருவாரியாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப், 1947-இல் பம்பாயில் மகீந்திரா கம்பெனியாரால் பூட்டிச் சேர்க்கப்படலாயிற்று. அதன் வழிவந்த வண்டிகள் இன்றும் தோட்டங்களிலும் மலைச்சரிவுகளிலும் ஓடக் காண்கிறோம்.

தொட்டியின் அமைப்பு

எண்ணெய்த் தொட்டி என்பது பெரும்பாலும் உருக்குத் தகட்டை அழுத்திச் செய்த ஒரு தாம்பாளம் போன்றதே. சில வண்டிகளில் அலுமினியத்தால் வார்க்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பு எஞ்சின் அடிப்பாகத்தின் விளிம்போடு பொருந்த, சுற்றிலும் சிறு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டு விளிம்புகளுக்கும் இடையே தக்கை, ரப்பர் அல்லது காகிதத்தாலான பாக்கிங் இருக்கும். புதிய வண்டிகளிற் பலவற்றில் இதற்குப் பதிலாகச் சிலிகோன் பசையே இடப்படுகிறது.

தொட்டியிலுள்ள எண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சிப் பேரிங்குகளுக்குச் செலுத்துகிறது. உறிஞ்சும் வாயில் ஒரு கம்பிவலை உண்டு. இதனைக் கிணற்றிலிறக்கிய பம்பு செட்டின் புட் வால்வுக்கு ஒப்பிடலாம். கிணற்றில் தூர் சேர்ந்தால் புட் வால்வின் வலை அடைபடுவது போல, தொட்டியில் கசடு சேர்ந்தால் இவ்வலையும் அடைபடும். உறிஞ்சுகுழாயின் இணைப்பில் காற்றுப் புகுந்தால் பம்பு தண்ணீர் இறைக்காதது போல, இங்கும் இணைப்பில் காற்றுப் புகுந்தால் எண்ணெயின் அழுத்தம் குறையும். பழைய வில்லிஸ் எஞ்சினில் இவ்வலை எண்ணெயின்மீது மிதக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. அடியிலுள்ள கசடு உறிஞ்சப்படாதிருத்தற்கே இவ்வேற்பாடு.

கழற்றுவது அவசியந்தானா என ஆராய்தல்

தரையில் எண்ணெய்த் துளிகளைக் கண்டவுடன் தொட்டியைக் கழற்றத் தொடங்குதல் கூடாது. எஞ்சினின் மேலுள்ள வால்வு மூடியிலிருந்தோ, பம்பின் இணைப்பிலிருந்தோ, பில்டரிலிருந்தோ கசியும் எண்ணெய் கீழ்நோக்கி வழிந்து, தொட்டியின் விளிம்பில் தங்கிச் சொட்டுவது வழக்கம். ஆகையால் முதலில் எஞ்சினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து உலரவிட்டு, சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லத் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பொடி முதன்முதல் எவ்விடத்தில் நனைந்திருக்கிறதோ அவ்விடமே ஒழுக்கின் தலைவாயாகும்.

எஞ்சினின் பின்புறம், கிளட்ச் உறையின் அடியில் மட்டும் சொட்டுமாயின், கிராங்க் தண்டின் பின் அடைப்பு தேய்ந்ததாக இருக்கலாம். தொட்டியின் பாக்கிங்கை மாற்றுவதால் அது நில்லாது. எஞ்சினின் உட்காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் தூசியால் அடைபட்டிருந்தாலும், உள்ளே அழுத்தம் மிகுந்து எண்ணெய் எல்லா இணைப்புகளின் வழியாகவும் பிதுங்கும். செம்மண் பாதைகளில் ஓடும் வண்டிகளில் இதை முதலில் நோக்குதல் நலம். போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் அவற்றை அளவாக முடுக்குவதே போதுமானதாகலாம்.

பாக்கிங் நைந்திருத்தல், தகடு கல்லில் மோதி நசுங்குதல் அல்லது துளைபடுதல், வடிப்புத் திருகின் மரை தேய்ந்துபோதல், எண்ணெய் அழுத்தம் குறைந்து வலையில் அடைப்பு இருக்குமெனச் சந்தேகித்தல், பேரிங்கைச் சோதிக்க வேண்டியிருத்தல் ஆகிய ஐந்துமே தொட்டியைக் கழற்றத் தகுந்த காரணங்களாம். தொட்டி நசுங்கி உள்வாங்கினால் தகடு உறிஞ்சுவாயை நெருங்கி எண்ணெய் வரத்தைத் தடுக்கக்கூடும். ஆதலின் ஒழுக்கில்லை என்று அதனைப் புறக்கணித்தல் தகாது.

எவ்வகை வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது?

டிராக்டர் வைத்திருப்போர் ஒன்றை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். பல டிராக்டர்களில் எஞ்சினின் அடித்தொட்டி வெறும் தகடன்று. அது கனத்த வார்ப்பிரும்பாய், வண்டியின் முதுகெலும்பு போன்று பாரத்தைத் தாங்குவது. முன் அச்சின் தாங்கியும் அதனோடு பிணைக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றினால் டிராக்டர் இரண்டாக மடங்கி ஆளை நசுக்கிவிடும். அதனைத் தக்க தாங்கிகளுள்ள பட்டறையிலன்றித் தொடலாகாது.

முன்சக்கரங்களால் இழுக்கப்படும் புதிய கார்களிற் சிலவற்றில், எஞ்சினைத் தாங்கும் உபசட்டத்தை இறக்கினாலன்றித் தொட்டி வெளிவராது. சட்டத்தைத் திரும்பப் பூட்டுகையில் சக்கரங்களின் நேர்மையும் மாறக்கூடும். வண்டி செய்தோர் அளித்த கைப்புத்தகம் அவ்வாறு கூறுமாயின், அவ்வேலையைப் பட்டறைக்கே விடுக.

வேண்டிய சாமான்கள்

உறுதியான ஜாக்கி ஒன்று, இரும்புத் தாங்கிகள் இரண்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டைகள் நான்கு, ஸ்பானர்களும் நீட்டுக் கம்பியுடன் கூடிய சாக்கெட்டுகளும், மரச்சுத்தி, மழுங்கிய மெல்லிய தகட்டுக் கத்தி, அகன்ற எண்ணெய்த் தட்டு, மண்ணெண்ணெய், பிசிறில்லாத துணி, புதிய பாக்கிங், வடிப்புத் திருகுக்குப் புதிய வளையம், புதிய எண்ணெய், பில்டர் ஆகியவற்றை முன்னரே சேகரித்துக்கொள்ள வேண்டும். உடன் ஒருவர் இருப்பது அவசியம். அடியிற் கிடப்பவருக்கு ஆபத்து நேர்ந்தால் உதவுதற்கு ஆளில்லாமல் இவ்வேலையைத் தொடங்குதல் கூடாது.

வண்டியை உயர்த்தி நிறுத்துதல்

இவ்வேலையில் எஞ்சினுக்கு நேரக்கூடிய சேதத்தை விலை கொடுத்துச் சீராக்கலாம். வண்டி சரிந்து மனிதன்மேல் விழுந்தால் அதற்கு ஈடில்லை. ஆகையால் இப்பகுதியை இருமுறை படித்தல் நலம்.

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களின் இருபுறமும் முட்டுக்கட்டை இடுக. பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கு சக்கரங்களில் அன்றி, கியர்ப்பெட்டியின் பின்னுள்ள தண்டில் செயற்படுகிறது. பின்சக்கரம் ஒன்று தரையைவிட்டு எழுமாயின் அது வண்டியை நிறுத்தாது. ஆதலால் முட்டுக்கட்டையையே நம்புக. பாட்டரியினின்று வண்டியின் உடலுக்குச் செல்லும் கம்பியை முதலில் கழற்றிவிடுக. கை உள்ளே இருக்கையில் எவரேனும் ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டால் விரல்கள் போய்விடும்.

எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போதே, வண்டி சமநிலையில் நிற்கையில், வடிப்புத் திருகைக் கழற்றி எண்ணெயைத் தட்டில் வடிய விடுக. கொதிக்கும் சூட்டில் இதைச் செய்தால் கை வெந்துபோகும். முழுதும் குளிர்ந்த பின் செய்தாலோ கசடு அடியிலேயே தங்கிவிடும்.

பின்னர் முன் அச்சின் அடியில் ஜாக்கியை வைத்து வண்டியின் முன்புறத்தை உயர்த்தி, சட்டத்தின் இருபுறமும் தாங்கிகளை நிறுத்தி, ஜாக்கியை மெல்ல இறக்குக. வண்டியின் பாரம் சட்டத்தில் தங்க, அச்சு தன் பட்டை வில்களோடு கீழே தொங்கும். ஜீப்பில் தொட்டிக்கும் அச்சுக்கும் நடுவே இடம் கிடைப்பது இதனாலேயே. அச்சின்மேல் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் தொட்டி அச்சில் முட்டி வெளிவராது. அச்சு தொங்கும்போது பிரேக்கு ரப்பர்க் குழாய்கள் இழுபடாதிருத்தலைக் கவனிக்க.

தாங்கிகளுக்குப் பதில் செங்கல்லையோ சிமெண்டுக் கட்டிகளையோ அடுக்குதல் கூடவே கூடாது. அவை முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். மண் தரையானால் தாங்கியின் கீழ் அகன்ற பலகை இடுக. அடியிற் செல்லுமுன் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்து, அசையவில்லையென்று தெளிந்த பின்னரே செல்க.

தொட்டியை இறக்குதல்

அடியில் காப்புத் தகடு இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். பிளைவீலின் கீழுள்ள தூசித் தகடு, குறுக்கே செல்லும் ஸ்டீரிங் கம்பி, புகைக் குழாயின் தாங்கி ஆகியவை சில வண்டிகளில் தடையாயிருக்கும். அவற்றையும் விலக்குக. கழற்றிய போல்ட்டுகளை அவை இருந்த வரிசைப்படியே ஓர் அட்டையில் துளையிட்டுச் செருகி வைத்தால், நீளம் வேறுபட்டவை இடம் மாறிப்போகா. நீளமான போல்ட்டு குறுகிய துளையில் ஏறினால் வார்ப்பு பிளவுபடக்கூடும்.

தொட்டியின் போல்ட்டுகளைச் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்துக. நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றைச் சில சுற்றுகள் பற்றியிருக்குமாறு விட்டு, மற்றவற்றை எடுக்கவும். பாக்கிங் ஒட்டிக்கொண்டிருந்தால் தொட்டியின் பக்கத்தை மரச்சுத்தியால் தட்டுக. திருப்புளியை இடையில் நுழைத்து நெம்பினால் விளிம்பு வளைந்து, பின்பு என்றும் ஒழுகிக்கொண்டேயிருக்கும். மெல்லிய தகட்டுக் கத்தியை விளிம்பின் வழியே இழுத்துப் பிரிப்பதே சரியான முறை. பிறகு தொட்டியை ஒரு கையால் தாங்கி, மீதி நான்கு போல்ட்டுகளையும் எடுக்கலாம்.

தொட்டி சிறிது இறங்கி மேலும் வராமல் நிற்குமாயின், வலிந்து இழுத்தல் தகாது. தடைக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கிராங்க் தண்டின் எடைக்கட்டை கீழ்நோக்கி நின்று தொட்டியின் உட்தடுப்பில் மாட்டுதல். இதற்குக் கைப்பிடி கொண்டோ, முன்புறக் கப்பியின் போல்ட்டைப் பற்றியோ தண்டை மெல்லத் திருப்பி, முன்பாகத்து எடைக்கட்டை மேலே செல்லுமாறு நிறுத்துக. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் தண்டு எளிதில் திரும்பும்.

இரண்டாவது, பம்பு அல்லது உறிஞ்சுவாய் தடுத்தல். தொட்டியை இரண்டு அங்குலம் இறக்கிப் பிடித்துக்கொண்டு, இடைவெளியில் கையை நுழைத்து உறிஞ்சுவாயின் போல்ட்டுகளைக் கழற்றி, அதனைத் தொட்டிக்குள்ளேயே விழவிட்டு, இரண்டையும் சேர்த்து வெளியே எடுக்கலாம். வில்லிஸ் எஞ்சினில் மிதக்கும் வலை இரண்டு திருகுகளாலேயே பொருத்தப்பட்டுள்ளது. திரும்பப் பூட்டும்போதும் இதே முறையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, வண்டியின் குறுக்குச் சட்டம் தடுத்தல். இந்நிலையில் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. சற்றே உயர்த்தினாற் போதும். எஞ்சின் தாங்கிகளின் நட்டுகளைக் கழற்றி, மேலே உறுதியான முக்காலியில் கட்டிய சங்கிலிக் கப்பியால் எஞ்சினின் முன்பாகத்தை ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை தூக்கி, தாங்கிக்கும் சட்டத்திற்கும் இடையே கட்டியான மரத்துண்டுகளைச் செருகி, அவற்றின்மேல் எஞ்சினை அமர்த்துக. தூக்குமுன் ரேடியேட்டர்க் குழாய், காற்றாடி, புகைக் குழாய், ஆக்ஸிலேட்டர்க் கம்பி ஆகியவை இழுபடுமா மோதுமா என்று நோக்குக. தேவையாயின் அவற்றை அவிழ்த்துவிடுக. கப்பியில் மட்டும் தொங்கும் எஞ்சினுக்கடியில் கையை நுழைத்தல் ஆகாது.

தொட்டி கூறும் செய்தி

இறக்கிய தொட்டியை உடனே கழுவிவிடாமல், அடியிற் கிடப்பதை வெளிச்சத்தில் ஆராய வேண்டும். கறுத்த கூழ் போன்ற கசடு, எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமையைக் காட்டும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளதென அறிக. பெட்ரோல் வாடை வீசினால் எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்துப்போயிருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் துகள்கள் இரும்பினுடையவை. ஒட்டாத வெள்ளிநிறப் பொடி பேரிங்கின் மேற்பூச்சு தேய்வதைக் குறிக்கலாம். செம்பு நிறத் துகள் கண்டால் பேரிங்கின் மேற்பூச்சு முழுதும் போய் அடித்தளம் தேயத் தொடங்கியதென்று கருதி, வண்டியை ஓட்டாமல் தேர்ந்த மேஸ்திரியிடம் காட்டுக. இந்நிலையில் புதுப் பாக்கிங் இட்டு மூடிவிடுதல், நோயை மறைத்து மருந்தைத் தவிர்ப்பதற்கு ஒப்பாகும்.

சுத்தி செய்தல்

தொட்டியையும் வலையையும் மண்ணெண்ணெயில் கழுவுக. பெட்ரோலை இதற்கு உபயோகித்தால் ஒரு தீப்பொறியே பேராபத்தாகும். எஞ்சினின் உட்புறத்தைப் பஞ்சுக் கழிவால் துடைத்தல் கூடாது. அதன் இழைகள் வலையில் சிக்கி அடைக்கும். பழைய பாக்கிங்கை இரு விளிம்புகளினின்றும் சுரண்டி எடுக்கையில், துணுக்குகள் எஞ்சினுக்குள் புகாதவாறு காக்கவும்.

முன்பு அளவுக்கு மிஞ்சி முடுக்கப்பட்ட தொட்டிகளில், போல்ட்டுத் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்திருக்கும். விளிம்பைச் சமமான மரக்கட்டையின்மேல் வைத்து, குழிவுகளைச் சிறு சுத்தியால் தட்டி நிமிர்த்தி, நேரான இரும்புக் கோலை வைத்துச் சரி பார்க்க. மறுபடியும் ஒழுகுவதாகக் குறை கூறப்படும் தொட்டிகளிற் பலவற்றில் பாக்கிங்கில் குற்றமில்லை. நிமிர்த்தப்படாத விளிம்பே குற்றமுடையது.

திரும்பப் பூட்டுதல்

தக்கைப் பாக்கிங் நாட்பட்டுச் சுருங்கியிருந்தால் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவிட, அது விரிந்து துளைகளோடு பொருந்தும். நூலைச் சில துளைகளின் வழியே கோத்துப் பாக்கிங்கைத் தொட்டியோடு கட்டிவிட்டால், மேலேற்றும்போது இடம் பெயராது. போல்ட்டுகள் சில பற்றிய பின் நூலை அறுத்தெடுக்கலாம். சிலிகோன் பசை இடும் வண்டிகளில், எண்ணெய்ப் பசையற்ற விளிம்பில் உத்தேசம் 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே கோடாக, துளைகளின் உட்புறமாக இடுக. மிகுதியாக இட்டால் உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து வலையை அடைக்கும். இதனால் கெட்ட எஞ்சின்களும் உண்டு. முன்மூடியும் பின்பேரிங் மூடியும் சேரும் மூலைகளே ஒழுக்கு மிகும் இடங்கள். ஆங்கே தனிக் கவனம் வேண்டும்.

உறிஞ்சுவாயைப் பூட்டும்போது அதன் இணைப்புக்கும் புதிய பாக்கிங் இடுதல் அவசியம். பின் எல்லாப் போல்ட்டுகளையும் விரலாலேயே ஏற்றி, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, வலமும் இடமும் மாறிமாறி, இரண்டு மூன்று தடவையாகச் சமமாக முடுக்குக. 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் அளவு முடுக்கமே வழக்கம். கைப்புத்தகம் வேறு அளவு கூறினால் அதுவே பிரமாணம். பலசாலியின் முழு வலிமை இங்கு வேண்டியதில்லை. தக்கை பிதுங்கிக் கிழிவதற்கே அது உதவும்.

எண்ணெய் விட்டுச் சோதித்தல்

சிலிகோன் இட்டதாயின் அது இறுகுதற்குரிய நேரம் கழிந்த பின், வடிப்புத் திருகைச் சரிபார்த்து, புதிய எண்ணெயை ஊற்றுக. பழைய வில்லிஸ் எஞ்சினுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் பிடிக்கும். எனினும் அளவுகோலின் குறியையே நம்ப வேண்டும். பாட்டரிக் கம்பியைப் பூட்டி, எஞ்சின் பற்றாதபடி செய்துகொண்டு, அழுத்தமானியில் முள் எழும் வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுக. பின் எஞ்சினை மெதுவாக ஓடவிடுக. முள் எழவில்லையாயின் உடனே நிறுத்தி, உறிஞ்சுவாயின் இணைப்பை மறுபடியும் சோதிக்க. ஓட்டத்தை மிகுவித்தால் அழுத்தம் வரும் என்று எண்ணுதல் நாசத்திற்கே வழியாகும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒழுக்கையும் அளவையும் பார்த்து, தக்கைப் பாக்கிங் இட்ட தொட்டியை மறுநாள் குளிர்ந்த நிலையில் ஒரு முறை சமமாக முடுக்கிக்கொள்க. சிலிகோன் இட்டதை மறுபடி முடுக்கலாகாது.

வடித்த எண்ணெய்

வடித்தெடுத்த எண்ணெயை வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ, வரப்பிலோ கொட்டுதல் பெருந்தவறு. அது மண்ணையும் ஊற்றுநீரையும் நெடுங்காலம் கெடுக்கும். உண்ணி போகுமென்று மாட்டின் உடலிற் பூசுதலும் தீமையே. எஞ்சினில் ஓடிய எண்ணெயில் உலோகத் துகள்களும், புற்றுநோய் விளைக்கத்தக்க பொருள்களும் சேர்ந்திருப்பதால், தோலில் அடிக்கடி படுவது மனிதருக்கும் கால்நடைக்கும் கேடு. மூடியுள்ள தகரத்தில் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்போரிடம் சேரச் செய்க. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இவ்வெண்ணெயும் அடங்கும். கிராம அதிகாரிகள் ஊருக்கு ஒரு பொதுத் தகரம் ஏற்படுத்தினால், பல கிணறுகள் காக்கப்படும்.

கழற்றிய நாள், வண்டி ஓடிய தூரம், ஊற்றிய எண்ணெயின் அளவு, தொட்டியிற் கண்டவை ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். பொது வண்டிகளின் பொறுப்பாளர்களுக்கு இது இன்றியமையாதது. அடுத்த முறை தொட்டியைத் திறப்பவருக்கு எஞ்சின் தேறுகிறதா தேய்கிறதா என்பதை அக்குறிப்பே தெரிவிக்கும். கோடையில் கிணற்றைத் தூர் வாருபவன் மழைக்காலத்துப் பயனைக் கருதியே வாருகிறான். அவ்வாறே வேலை குறைந்த நாட்களில் இத்தொட்டியைச் செப்பனிட்டு வைப்பவருக்கு, அறுவடைக் காலத்தில் வண்டி தவறாது உதவும்.